மது வாங்கும் வயது வரம்பு: அமெரிக்காவின் 21

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 50 மாநிலங்களிலும் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. பெரும்பாலான நாடுகளில் இந்த வரம்பு 18தான். அமெரிக்காவில் 18 வயதானவர் வாக்களிக்கலாம், பெற்றோரைக் கேட்காமல் ராணுவத்தில் சேரலாம், போர்முனைக்கும் போகலாம். ஆனால் கடையில் ஒரு பீர் வாங்க முடியாது. வரம்பைக் குறைக்கச் சொல்பவர்கள் எடுத்தவுடன் சுட்டுவது இந்த முரணைத்தான். எதிர்த்தரப்பினர் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. சாலை விபத்துக் கணக்கை எடுத்து வைக்கிறார்கள். ஒரு தரப்பு உரிமையைப் பேச, மறு தரப்பு உயிர்ச்சேதத்தைப் பேசுகிறது. விவாதம் நாற்பது ஆண்டுகளாக நீள்வதற்கு இதுவே காரணம்.

வரம்பு இறங்கியதும் ஏறியதும்

1933-இல் அரசியலமைப்பின் 21-ஆவது திருத்தம் நாடு தழுவிய மதுவிலக்கை முடிவுக்குக் கொண்டுவந்து, மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடம் ஒப்படைத்தது. பெரும்பாலான மாநிலங்கள் 21 வயதை வரம்பாக வைத்தன. வாக்குரிமை வயதும் அப்போது 21 என்பதால் யாருக்கும் அது உறுத்தவில்லை.

வியட்நாம் போர் அந்தப் பொருத்தத்தைக் கலைத்தது. 18 வயது இளைஞரைக் கட்டாயமாகப் படைக்கு அனுப்பும் நாடு அவருக்கு வாக்குச்சீட்டை மறுப்பது எப்படி நியாயம் என்ற கேள்வி வலுத்து, 1971-இல் 26-ஆவது திருத்தம் வாக்குரிமை வயதை 18 ஆக்கியது. அதே அலையில் ஏறக்குறைய 30 மாநிலங்கள் மது வயதையும் 18, 19, 20 என்று இறக்கின. ஆனால் எல்லா மாநிலங்களும் ஒரே அளவில் இறக்கவில்லை. வரம்பு கூடிய மாநிலத்து இளைஞர்கள் மாலையில் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் போய், குடித்துவிட்டு இரவில் அதே சாலையில் திரும்பினார்கள். விபத்துகள் மலிந்த அந்த எல்லைப் பகுதிகளைப் பத்திரிகைகள் ‘ரத்த எல்லைகள்’ என்று அழைத்தன. பதின்வயதிலேயே ஓட்டுநர் உரிமம் கிடைக்கும், பொதுப் போக்குவரத்து அரிதாக உள்ள நாட்டில் மதுச் சட்டம் போக்குவரத்துச் சட்டமாகவும் ஆகிவிடுகிறது. ஐரோப்பாவைக் காட்டி வாதிடுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான்.

எழுபதுகளின் பிற்பகுதியில் சில மாநிலங்கள் தாமாகவே பின்வாங்கத் தொடங்கின. 1972-இல் வயதை 18 ஆக்கிய மிச்சிகன், 1978-இல் வாக்காளர்களையே கேட்டு 21-க்குத் திரும்பியது.

1980-இல் கலிபோர்னியாவில் குடித்துவிட்டுக் காரோட்டிய ஒருவர் மோதி 13 வயதுச் சிறுமி இறந்தாள். அவளுடைய தாய் கேண்டி லைட்னர் அதே ஆண்டில் ‘மேட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார்களின் அந்த அமைப்பு, சில ஆண்டுகளில் வாஷிங்டனே அஞ்சும் சக்தியாக வளர்ந்தது. காரோட்டிய நபர் நாற்பதுகளில் இருந்தவர். எந்த வயது வரம்பும் அவரைத் தடுத்திருக்காது. ஆயினும் அந்த இயக்கம் பெற்ற பெரிய சட்ட வெற்றி இளைஞர்களின் வயது வரம்பாகவே அமைந்தது.

நெடுஞ்சாலைப் பணம்

மது மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்ததால் வயதை நேரடியாக நிர்ணயிக்காமல் நாடாளுமன்றம் பணத்தின் வழியே போனது. நியூ ஜெர்சி செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பர்க் முன்னின்று கொண்டுவந்த தேசியக் குறைந்தபட்ச மது வயதுச் சட்டம், 21-க்கு வராத மாநிலத்துக்கு மத்திய நெடுஞ்சாலை நிதியில் முதல் ஆண்டு 5 விழுக்காட்டையும் அடுத்த ஆண்டு 10 விழுக்காட்டையும் நிறுத்தி வைக்கும் என்றது. மாநில உரிமையை ஓயாமல் பேசிய குடியரசுத் தலைவர் ரேகன் முதலில் எதிர்த்தார். பிறகு மனம் மாறி 1984 ஜூலை 17 அன்று கையெழுத்திட்டார்.

19 வயதினருக்கு 3.2 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட மென்பீரை அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குத் தொடுத்தது. போக்குவரத்துச் செயலர் எலிசபெத் டோல் எதிர்வாதியாக இருந்த அந்த வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் மத்திய அரசின் பக்கம் நின்றது. நிபந்தனையோடு பணம் தருவது கட்டாயப்படுத்துவதாகாது என்று தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதினார். மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ஓ’கானர், சாலை போடும் பணத்துக்கும் மது வயதுக்கும் போதிய தொடர்பில்லை என்றார். 1988-இல் கடைசி மாநிலங்களும் பணிந்தன. இன்றும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கு பாடம். மதுவுக்காக அல்ல, மத்திய அரசு பணத்தைக் காட்டி மாநிலத்தை எவ்வளவு வளைக்கலாம் என்பதற்காக.

சட்டம் மாநிலங்களிடம் கேட்பது, 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் தடை செய்வது மட்டுமே. குடிப்பதைப் பற்றி அது பேசவில்லை. அதனால் பல மாநிலங்களில் பெற்றோர் முன்னிலையிலும் சமயச் சடங்கிலும் விலக்கு உண்டு. விஸ்கான்சினில் பெற்றோர் உடனிருந்தால் பதின்வயதினருக்கு மதுக்கூடமே மது தரலாம். மெக்சிகோ, கனடா எல்லையிலிருந்து 50 மைலுக்குள் உள்ள ராணுவ முகாம்களில் தளபதி வரம்பைத் தளர்த்தவும் சட்டம் இடம் தருகிறது. வீரர்கள் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டுத் திரும்புவதைவிட அது மேல் என்ற கணக்கு. போர்ட்டோ ரிக்கோ இன்றும் 18-இலேயே இருக்கிறது.

குறைக்கச் சொல்லும் கல்லூரித் தலைவர்கள்

வெர்மாண்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டெல் 2008-இல் தொடங்கிய ‘அமெதிஸ்ட்’ முயற்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரி, பல்கலைக்கழகத் தலைவர்கள் கையெழுத்திட்டனர். டியூக், டார்ட்மத் போன்ற புகழ்பெற்றவையும் அதில் உண்டு. அவர்கள் நேரடியாக 18 வேண்டும் என்று கேட்கவில்லை; 21 பலன் தரவில்லை, விவாதத்தைத் திறங்கள் என்றார்கள். சட்டம் குடியை ஒழிக்கவில்லை, பூட்டிய விடுதி அறைக்குள் தள்ளியிருக்கிறது. விருந்துக்குப் போகும் முன்பே அவசரமாக ஊற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. போலி அடையாள அட்டை வைத்திருப்பது மாணவ வாழ்வின் சாதாரணப் பகுதியாகிச் சட்டத்தின் மேலேயே மதிப்புக் குறைகிறது. நண்பர் மயங்கி விழுந்தாலும் தண்டனைக்குப் பயந்து உதவிக்கு அழைக்கத் தயங்குகிறார்கள். இவையே அவர்களின் புகார்கள். கடைசிப் புகாருக்கு மட்டும் வேறு வழி கிடைத்தது: உதவி கேட்டு அழைப்பவர்மேல் வழக்குப் போடாத விலக்குச் சட்டங்களைப் பல மாநிலங்கள் கொண்டுவந்தன.

‘மேட்’ அமைப்பு கடுமையாக எதிர்த்தது. கல்லூரிகள் தங்கள் வளாகத்துப் பொறுப்பைக் கைகழுவப் பார்க்கின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை.

சான்றுகள் சொல்வது

வயதை உயர்த்திய மாநிலங்களில் இளைஞர்களின் விபத்துகள் இடைநிலையாக 16 விழுக்காடு குறைந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மேற்கோள் காட்டும் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. பொருளியலாளர்கள் கார்ப்பெண்டரும் டாப்கினும் 2009-இல் வேறு வழியில் பார்த்தார்கள்: 21-ஆவது பிறந்தநாளுக்குச் சற்று முன்பும் பின்பும் உள்ளவர்களை ஒப்பிட்டார்கள். அந்த நாளைக் கடந்ததும் இறப்பு விகிதம் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடியது. முக்கியக் காரணங்கள் வாகன விபத்து, மதுவால் நேரும் இறப்பு, தற்கொலை. சில மாதங்களே வேறுபடும் இளைஞர்களிடையே சட்டத்தைத் தவிர வேறெதுவும் திடீரென மாறுவதில்லை என்பதால் இது தள்ளிவிட முடியாத சான்று. ஆனால் 21-இல் வரும் இந்த ஏற்றம் 18-க்கு வரம்பை இறக்கினால் அங்கேயும் அதே அளவில் வருமா என்பது தனிக் கேள்வி.

எதிர்ச் சான்றும் உண்டு. ஹார்வர்டின் ஜெஃப்ரி மைரன் ஒரு இணை ஆய்வாளருடன் அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தாமாக முன்வந்து வயதை உயர்த்திய மாநிலங்களில்தான் பலன் தெரிந்தது, நிதிக்காகப் பணிந்த மாநிலங்களில் அவ்வளவாக இல்லை என்று வாதிட்டார். இருக்கைப் பட்டை, காற்றுப்பை ஆகியவற்றின் பங்கையும், 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் ரத்தத்தில் 0.02 விழுக்காடு ஆல்கஹாலுடன் ஓட்டினாலே குற்றம் என்று 1995-க்குப் பிறகு எல்லா மாநிலங்களிலும் வந்த விதியின் பங்கையும் தனியே பிரித்தெடுப்பது எளிதல்ல.

நியூசிலாந்து 1999 டிசம்பரில் வாங்கும் வயதை 20-இலிருந்து 18-க்கு இறக்கியது. அதற்குப் பிறகு 15 முதல் 19 வயது வரையிலானோரின் வாகனக் காயங்கள் கூடியதாக 2006-இல் ஓர் ஆய்வு காட்டியது. 18-ஐ எட்டாதவர்களுக்கும் மது எளிதாகக் கைமாறியது. 18 வயதுக்காரரின் நண்பர்களில் 16 வயதினரும் இருப்பார்கள் அல்லவா! இருந்தும் 2012-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் 18-ஐயே தக்கவைத்தது. லித்துவேனியா 2018-இல் 18-இலிருந்து 20-க்கு ஏறியது. இந்தியாவில் மது மாநிலப் பட்டியலில் உள்ளது: தமிழ்நாட்டில் 21, கேரளம் 21-ஐ 23 ஆக உயர்த்தியது.

என் பார்வையில் சாலையைப் பொறுத்தவரை 21-க்கு ஆதரவான சான்று வலுவானது. 21-இல்தான் மனிதனுக்குப் பக்குவம் வருகிறது என்பதற்கான சான்று அவ்வளவு வலுவில்லை. வளாகக் குடிக்கு வயது வரம்பே காரணம் என்ற கூற்றும் நிறுவப்படவில்லை. வரம்பு 18 ஆக இருந்த காலத்திலும் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் அளவுமீறிக் குடித்தார்கள்.

இன்றைய நிலை

1988-க்குப் பிறகு எந்த மாநிலமும் வரம்பைக் குறைக்கவில்லை. 2012 முதல் நிதி இழப்பு 8 விழுக்காடு ஆக்கப்பட்டுள்ளது. அவ்வப்போது மாநிலச் சட்டமன்றங்களில் மசோதாக்கள் வந்து அடங்குகின்றன. 2017-இல் விஸ்கான்சின் உறுப்பினர்கள் சிலர் முன்வைத்த மசோதா வயதை 19 ஆக்கக் கோரியது. நெடுஞ்சாலை நிதியை இழக்க நேராவிட்டால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையையும் அவர்களே அதில் சேர்த்திருந்தார்கள். அது நிறைவேறவில்லை.