பழைய மின் கிட்டாரை மீட்டமைத்தல்: ரேடியோப் பட்டறை முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை

எஃகுத் தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றி, அதை ஒலிபெருக்கி வழியே கேட்கச் செய்யும் இசைக்கருவி மின் கிட்டார். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ்நாட்டின் திரையிசையிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் இக்கருவி நிலைபெற்றது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. கோயில் திருவிழா மேடைகளில் ஒரு காலத்தில் ஒலித்த கிட்டார்கள் இன்று பரண்களிலும் பீரோக்களின் மேலும் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவதே இப்போதைய வழக்கம். ஆனால் மின் கிட்டார், தோன்றிய நாளிலிருந்தே பழுதுபார்ப்பதற்கு இடம்கொடுக்கும் கருவி. வீட்டு மேசையில் வைத்துச் சரிசெய்யக்கூடிய பழுதுகளே அதில் மிகுதி. அது ஏன் என்பதற்கு அதன் பிறப்பிலேயே விடை இருக்கிறது.

ரேடியோப் பட்டறையில் பிறந்தது

நடனக் குழுக்களின் பெரிய இசைக்கருவிகளுக்கு நடுவே கிட்டாரின் ஒலி எடுபடவில்லை என்ற குறையே மின் கிட்டாருக்கு வித்திட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம் 1931-இல் உருவாக்கிய கிட்டார் வாணலியைப் போல இருந்ததால் 'ஃபிரையிங் பேன்' என்றே பெயர் பெற்றது. 1932-இல் விற்பனைக்கு வந்த இக்கருவிக்கு 1937-இல் காப்புரிமை கிடைத்தது. மடியில் கிடத்தி, தந்தியின் மேல் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஹவாயன் வகையைச் சேர்ந்தது அது.

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறு மின்னோட்டம் தோன்றும். இந்த அமைப்புக்குப் 'பிக்கப்' என்று பெயர். நைலான் தந்தி பூட்டினால் இக்கருவி ஊமையாகிவிடுவதற்குக் காரணமும் இதுவே. நைலான் காந்தப்புலத்தை மாற்றாது.

உட்குடைவு இல்லாத திண்ம உடல் கொண்ட கிட்டாரைப் பெருமளவில் விற்றுக் காட்டியவர் லியோ ஃபென்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. பழுதுபார்ப்பவரின் கண்ணோடு அவர் கருவியை அணுகினார். அவர் வடிவமைத்த கிட்டாரின் கழுத்து, உடலோடு ஒட்டப்படாமல் நான்கு திருகுகளால் பொருத்தப்பட்டது. மின்பகுதி முழுவதும் ஒரு தகட்டின் கீழ் அடங்கியது. தகட்டைக் கழற்றினால் எல்லாம் கைக்கு எட்டும். 1951-இல் டெலிகாஸ்டர் என்ற பெயரைப் பெற்ற கிட்டாரும், அதே ஆண்டில் வந்த பிரிசிஷன் பாஸ் கிட்டாரும், 1954-இல் வெளியான ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இந்த முறையில் அமைந்தவை. உலகெங்கும் பின்னர் செய்யப்பட்ட மலிவு விலைக் கிட்டார்களில் பெரும்பாலானவை இவற்றைப் பின்பற்றியே வந்தன.

இந்தியாவில்

இந்தியாவில் கிட்டார் பரவியதில் ஹவாயன் இசைக்குப் பெரும் பங்கு உண்டு. ஹவாயன் கிட்டார் கலைஞர் டாவ் மோ 1940-களில் தம் குடும்பத்தோடு கல்கத்தாவில் வாழ்ந்து இசை நிகழ்த்தியவர். பிற்காலத்தில் கிவ்சன், கிப்டோன் முதலிய பெயர்களில் கிட்டார்கள் அந்நகரிலிருந்தே நாடெங்கும் சென்றன. 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு முன்பு வெளிநாட்டு இசைக்கருவியை இறக்குமதி செய்வது எளிதன்று. ஆகவே நடுத்தர வருவாய் உள்ள ஓர் இசைக்குழுவுக்கு உள்நாட்டுக் கருவியே கதி.

உதிரிபாகத் தட்டுப்பாட்டுக்கு ஓர் எதிர்பாராத மாற்று இருந்தது. மின் கிட்டாரின் ஒலியளவுத் திருகியும் வால்வு ரேடியோவின் ஒலியளவுத் திருகியும் ஏறத்தாழ ஒரே பொருள்தான். 500 கிலோ ஓம் மதிப்புள்ள திருகி இரண்டிலும் பயன்பட்டது. கிட்டாரின் சுரத் தெளிவைக் கட்டுப்படுத்தும் சிறு மின்தேக்கியும் ரேடியோக் கடையில் கிடைக்கும் கண்டென்சரே. ரேடியோக்காரர் வடிவமைத்த கருவிக்கு ரேடியோக் கடையிலேயே வைத்தியம் கிடைத்ததில் வியப்பில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் இசைப் பின்னணி

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே விரிந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் இதில் அடங்கும். 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் இங்கு நெல்லையும் திராட்சையையும் விளைவிக்கிறது. 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது.

உத்தமபாளையம் வட்டத்திலுள்ள பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்தவர் இளையராஜா. அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 14 வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்த இளையராஜா, ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்தார். பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 'அன்னக்கிளி' (1976) படத்துக்கு இசையமைப்பதற்கு முன்பு, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்ததோடு, ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசிப்பவராகவும் வாழ்க்கை நடத்தினார்.

இங்கே ஒரு தெளிவு தேவை. இளையராஜாவின் கிட்டார் இசை என்றவுடன் பலர் நினைவுகூர்வது 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் நிலாப் பாடலை. ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டார், மரப்பெட்டியிலிருந்தே ஒலி எழுப்பும் அக்கூஸ்டிக் வகை. மின் கிட்டாரின் குடும்பம் அவருடைய இசையில் வலுவாக வேரூன்றிய இடம் பாஸ் கிட்டார்தான். பாடலின் அடியில் தனியொரு மெட்டுப் போல நடந்து செல்லும் பாஸ் வரிகள் அவருடைய முத்திரை. அப்பாடல்களை மேடையில் பாட விரும்பிய எந்தக் குழுவுக்கும் ஒரு மின் கிட்டாரும் ஒரு பாஸ் கிட்டாரும் தேவைப்பட்டன. சித்திரையில் நடக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா போன்ற பெருவிழாக்கள் நிறைந்த இப்பகுதியில் பாட்டுக் கச்சேரிக்குப் பஞ்சமில்லை. பின்னாளில் கீபோர்டு ஒன்றே பல கருவிகளின் ஒலியைத் தரத் தொடங்கியதும் கிட்டார்கள் மேடையிலிருந்து மெல்ல இறங்கின.

மீட்டமைப்பின் முதல் படி

பழைய கிட்டாரைக் கையில் எடுத்தவுடன் துடைத்து மெருகேற்றத் தோன்றும். அதற்கு முன் செய்ய வேண்டியது, இருக்கிற நிலையில் அதைப் படம் எடுத்து வைப்பது. பின்தகட்டைத் திறந்து, எந்த நிற ஒயர் எங்கே பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்தவர்கள் பிறகு அரை நாள் தவிப்பதுண்டு.

அடுத்துப் பிக்கப்பைச் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரில் ஒற்றைச் சுருள் பிக்கப் பொதுவாக 5 முதல் 8 கிலோ ஓம் வரை காட்டும். முள் அசையவே இல்லையென்றால் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. அந்தச் செப்புக் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் தடிமன் என்றே சொல்லலாம். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவோர் இப்பகுதியின் ஊர்களில் உண்டு. அவர்களின் கைப்பழக்கம் இதற்கும் உதவும். ஆனால் மோட்டார்க் கம்பியைவிட மிக மெல்லிய கம்பியைத் தனியே வாங்கித் தர வேண்டும்.

பிக்கப் நன்றாக இருந்தும் ஒலி மங்கலாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் திருகியே. வால்வு ரேடியோக்கள் மறைந்து டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் வந்தபின், 5 அல்லது 10 கிலோ ஓம் திருகிகளே கடைகளில் மிகுதியாகக் கிடைத்தன. வடிவம் ஒன்றாக இருந்ததால் அவை கிட்டாரிலும் மாட்டப்பட வாய்ப்புண்டு. அத்தகைய திருகி, பிக்கப் தரும் சிறு மின்னழுத்தத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓமும், இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் பொருத்தமானவை. இதை மாற்றியவுடன், செத்துவிட்டதாகக் கருதப்பட்ட கருவி பளிச்சென்று ஒலிப்பதுண்டு. கரகரப்பு மட்டுமே குறை என்றால் மாற்றக்கூடத் தேவையில்லை. மின்தொடர்பு துப்புரவுத் திரவத்தைச் சிறிது தெளித்து, திருகியைப் பலமுறை சுழற்றினால் போதும்.

தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு மின்தொடர்பு கொண்டவை. இதை மறக்கவே கூடாது. எர்த் இல்லாத இரட்டை முனைப் பிளக்கில் பழைய ஆம்ப்ளிஃபயரை இயக்கி, ஒரு கையில் தந்தியும் உதட்டருகே மைக்குமாக நிற்பவரை மின்சாரம் தாக்கலாம். கிட்டாருக்குள் ஓடும் மின்சாரம் மிகச் சிறியது. அதைத் திறந்து ஈயம் பற்றவைப்பதில் ஆபத்தில்லை. ஆனால் வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திறப்பது அப்படியல்ல. சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும். அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே முறை.

மரமும் காற்றும்

கேரள எல்லையை ஒட்டிய கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவக் காற்று சாரலைக் கொண்டுவரும். ஆண்டிபட்டிப் பக்கம் வறண்டு கிடக்கும். மரம் ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும். பல ஆண்டு பரணில் கிடந்த கிட்டாரின் கழுத்து வளைவதற்கு இதுவும், தளர்த்தாமல் விட்ட தந்திகளின் இழுவிசையும் காரணம்.

கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பி இருந்தால் வளைவைத் திருத்தலாம். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்து, ஏழாம் எட்டாம் ஃப்ரெட் அருகே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், மறுநாள் வரை பொறுத்துப் பார்த்து மீண்டும் திருகுவது பாதுகாப்பு. அவசரப்பட்டுக் கம்பியை முறித்துவிட்டால் அதை மாற்றுவது வீட்டு வேலையாக இராது.

ஃப்ரெட்டுகளின் துருவை நுண்ணிய எஃகுக் கம்பளியால் தேய்க்கலாம். தேய்க்குமுன் பிக்கப்பை டேப் ஒட்டி மூட வேண்டும். இல்லாவிட்டால் உதிரும் எஃகுத் துகள்கள் காந்தத்தில் அப்பிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். ரோஸ்வுட் விரற்பலகைக்குச் சில துளி மினரல் ஆயில் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும்.

ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி அல்லது தோதகத்தி மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வது. 1960-களின் பிற்பகுதியில் பிரேசில் தன் ரோஸ்வுட் மரத்தடிகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின், உலகின் பெரிய கிட்டார் நிறுவனங்கள் இந்திய ஈட்டியின் பக்கம் திரும்பின. அம்மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அப்படிக் காக்கப்பட்ட மரத்தின் ஒரு துண்டு, பரணில் கிடக்கும் பழைய கிட்டாரின் கழுத்தில் இருக்கக்கூடும்.

எதை மாற்றுவது, எதை விடுவது

மேம்படுத்துதல் என்றதும் விலை உயர்ந்த பிக்கப்பை வாங்கி மாட்டவே இளைஞர்கள் விரும்புவர். அதைக் கடைசியாக வைத்துக்கொள்வதே சரி. சுருதி நிற்காமல் நழுவும் கருவிக்கு எத்தனை நல்ல பிக்கப் மாட்டியும் பயனில்லை. தேய்ந்த பிளாஸ்டிக் நட்டை எடுத்துவிட்டு எலும்பு நட் வைப்பது, தளர்ந்த சுருதித் திருகிகளை மாற்றுவது, ஒயர் செருகும் ஜாக்கைப் புதிதாக்குவது ஆகிய மூன்றும் குறைந்த செலவில் பெரிய மாற்றம் தருபவை. மின்பகுதிக் குழியின் உட்புறம் செப்புத்தாள் ஒட்டி அதை எர்த்தோடு இணைத்தால், ட்யூப் லைட்டும் மின்விசிறி ரெகுலேட்டரும் கிளப்பும் இரைச்சல் வெகுவாகக் குறையும்.

உடலில் புதுத் துளை போடுவதும், குழியை அகலப்படுத்துவதும், பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுப்பதும் திரும்பப் பெற முடியாத இழப்புகள். குழுவின் பெயரைப் பெயின்ட்டால் எழுதிய கிட்டாராக இருந்தால், அந்த எழுத்தும் ஊரின் இசை வரலாற்றில் ஒரு சான்று. மின்பகுதியில் எது மாற்றப்பட்டாலும், கழற்றிய பழைய பாகத்தை ஓர் உறையில் போட்டு, நாளும் குறிப்பும் எழுதிக் கருவியோடு வைப்பது நல்லது.

புதுத் தந்திகள் பூட்டியபின் செய்யும் இறுதிச் சோதனை காதால் செய்வது. 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மணி போன்ற ஓசை எழும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் பிரிட்ஜில் அத்தந்தியின் தாங்கியைப் பின்னுக்கும், இறங்கி ஒலித்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். ஆறு தந்திகளுக்கும் இப்படிச் செய்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். புதிய தந்திகள் இழுபட்டு நிலைகொள்ள ஓரிரு நாள் பிடிக்கும் என்பதால், மூன்றாம் நாள் இதே சோதனையை இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும்.