கர்னல் மெக்கன்சியும் அவருக்குப் படித்துச் சொன்னவர்களும்



ராபிள்ஸ் என்னும் பெயரை நம் மாணவர்கள் அறிவார்கள். 1811-ஆம் ஆண்டு மலாக்காவில் திரண்டு ஜாவாவுக்குப் புறப்பட்ட ஆங்கிலேயப் படையில் பொறியாளராகச் சென்ற காலின் மெக்கன்சியை அறிந்தவர் குறைவு. தமிழர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

இவர் 1754-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர். சொந்த ஊரில் சுங்க அதிகாரியாக இருந்துவிட்டு, 1783-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரராகச் சென்னைக்கு வந்தார். மடக்கையைக் கண்டறிந்த நேப்பியரைப் பற்றி நூல் எழுத விரும்பிய ஒரு பிரபு, இந்தியர்களின் பழங்கணிதத்தை ஆராய இவரைத் தூண்டியிருந்தார். அதன் பொருட்டு மதுரையில் பண்டிதர்களைச் சந்தித்தார். கணிதத்தில் தொடங்கிய ஆர்வம் சுவடி, கல்வெட்டு, நாணயம் என விரிந்தது. போர்க்களத்திலும் நில அளவைப் பணியிலும் இருந்தபடியே, பெரிதும் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுச் சேர்த்தார். இறுதியில் 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள்!

ஆனால், மெக்கன்சிக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. இதனை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் அவற்றைப் படித்தவர் யார்? காவலி வேங்கட போரையா என்னும் தெலுங்கு இளைஞரும் அவருடைய தம்பியரும். போரையா பன்மொழி வல்லவர். ஊர் ஊராகச் சென்று கணக்குப்பிள்ளைகளையும் கோயில் அர்ச்சகர்களையும் அணுகிச் சுவடிகளைப் படியெடுப்பது, ஊர் வரலாற்றைக் கேட்டெழுதுவது, ஆங்கிலத்தில் சுருக்கித் தருவது ஆகிய பணிகளை இத்தகைய உதவியாளர்களே செய்தனர். வெள்ளையரிடம் ஊர்க்கணக்கைக் காட்டினால் வரி கூடுமோ என்று மக்கள் அஞ்சியிருப்பார்கள் அல்லவா? அந்த அச்சத்தைப் போக்கும் வேலையும் இவர்களுடையதே. போரையா 1803-இல் இளமையிலேயே மறைந்தார். தம்பி இலட்சுமையா பணியைத் தொடர்ந்தார்.

1816-இல் தாமஸ் ஹிக்கி தீட்டிய ஓவியத்தில் செந்நிறச் சீருடையில் மெக்கன்சி நடுநாயகமாக நிற்கிறார். உதவியாளர்கள் சூழ நிற்கின்றனர். உடன் பணியாற்றியவர்களையும் தம் ஓவியத்தில் இடம்பெறச் செய்த அளவில் அவர் பெருந்தன்மையாளர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1821-இல் மெக்கன்சி இறந்தார். அவர் மனைவியிடமிருந்து கம்பெனி அத்தொகுப்பை 10,000 பவுண்டுக்கு வாங்கியது. வில்சன் என்பவர் தயாரித்த பட்டியல் 1828-இல் அச்சேறியது. விட்ட பணியைத் தாம் தொடர்வதாக இலட்சுமையா 1830-களில் விண்ணப்பித்தபோது, அதற்குத் தலைமை தாங்கும் தகுதி இந்தியர் ஒருவருக்கு இராது என்று கல்கத்தாவின் ஆசியச் சங்கத்தார் கைவிரித்துவிட்டனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே வேலையைச் செய்தவருக்குக் கிடைத்த மறுமொழி அது.

ராபிள்ஸ் சேர்த்த மலாய்ச் சுவடிகளுக்கு நேர்ந்த கதி இன்னும் கொடியது. 1824-இல் அவர் பயணம் செய்த கப்பல் பெங்கூலுவுக்கு அப்பால் தீப்பற்றியதில் அவற்றுள் பல அழிந்தன. மலாக்காவில் இளம் வயதில் அவரிடம் எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா, தமிழும் கற்றவர், இவ்விழப்புக்கு வருந்தித் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

மெக்கன்சியின் சுவடிகளோ தப்பின. ஒரு பகுதி இலண்டனில் இருக்கிறது. தமிழ்ச் சுவடிகள் பலவும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. கொங்குநாட்டு அரசர்களைப் பற்றிய ‘கொங்குதேச ராஜாக்கள்’ என்னும் உரைநடை வரலாறும் இத்தொகுப்பின் வழியாகவே நமக்குக் கிடைத்தது.