பலகாரம் சுட்டாச்சா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டது இதைத்தான்: "என்னக்கா, பலகாரம் சுட்டாச்சா?" முறுக்கு, அதிரசம், சிப்பி, அச்சு முறுக்கு, நெய் உருண்டை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். நெய் உருண்டையை யாரும் சுடுவதில்லை, பிடிக்கத்தான் செய்கிறார்கள். இருந்தாலும் கேள்வி அதேதான்.

இந்தச் சொல் பிறந்தது விரதத்தில். வடமொழியில் பலம் என்றால் பழம், ஆகாரம் என்றால் உணவு. சோற்றை விலக்கிய நாளில் பழத்தோடு நிறுத்திக்கொள்வது பலாகாரம். இந்தியில் இன்றும் அதற்கு விரத உணவு என்றே பொருள். தமிழில் அது மெல்ல இளகியது. விரத இரவில் சோற்றுக்குப் பதில் இட்லி, தோசை ஆகலாம் என்று வந்தது. பிறகு சோறல்லாத சிற்றுண்டி எதுவும் பலகாரம் ஆகி, கடைசியில் எண்ணெய்ச் சட்டிக்கே வந்து சேர்ந்தது. பழந்தமிழில் தின்பண்டத்துக்குப் பண்ணியம் என்ற பெயர் உண்டு, மதுரைக்காஞ்சியில் பார்க்கலாம். பண்ணுவதால் பண்ணியம். பண்ணுகிற கையைச் சொன்ன சொல் வழக்கொழிந்தது. தின்னாமல் காத்த வாயைச் சொன்ன சொல் நிலைத்தது.

இந்தச் சொல் புழங்கிய தோட்டங்களுக்கு வருவோம். 1877-இல் பேராக்கின் கோல கங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் தோட்டங்கள் பெருகியபோது கங்காணிகள் தமிழகத்தில் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் கூட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு அதை நிறுத்தியது. அதற்குள் ஒரே லயத்து வீட்டு வரிசையில் மாமன், மச்சான், அத்தை, கொழுந்தியாள் என்று பாதி ஊரே குடியேறியிருந்தது. பலகாரம் சுடும் முறை அந்த உறவின் மேல்தான் நின்றது. இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. எல்லாப் பெண்களும் எல்லா வீட்டுக்கும் போவார்கள்.

விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், பால் மரம் வெட்டி, வாளி சுமந்து நிறுத்துக் கொடுத்துத் திரும்பியவர்கள் இவர்கள். தீபாவளி வருவதோ பேராக்கின் மழை மாதத்தில். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, அந்த நாளின் கூலியும் போச்சு. அந்த நெருக்கடியிலும் அடுப்பு எரிந்தது.

எங்கள் வீட்டில் பாகு பதம் பார்ப்பது பாட்டியின் உரிமை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். விரலால் உருட்டினால் கரையாமல் திரள வேண்டும். அவர் தலையாட்டாமல் அம்மா மாவைக் கொட்ட மாட்டார். முறுக்கு உழக்கை அழுத்துவது மாமா, ரப்பர் விறகு தள்ளுவது அப்பா. எங்கள் வேலை, சதுர ரொட்டி டின்னில் காகிதம் விரித்து அடுக்குவது.

அடுக்கலாம், தின்னக் கூடாது. தீபாவளிக்கு முந்தின நாள் மூத்தோருக்குப் படையல் போட்ட பிறகுதான் கை வைக்கலாம். உடைந்த முறுக்குத் துண்டைக்கூடப் பாட்டி எடுத்து ஒதுக்கிவிடுவார். இறந்தவர்கள் உண்ணும் வரை வீடே வாய் கட்டிக் காத்திருக்கும். தோட்டத்தில் யாரும் வடமொழி படித்ததில்லை. சொல்லின் முதற்பொருளை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள்.

படைத்து முடிந்ததும் தட்டுகள் கிளம்பும். துணி மூடிய தட்டோடு சீனர் வீட்டுக்கும் மலாய்க்காரர் வீட்டுக்கும் ஓடுவது பிள்ளைகள்.

பேராக்கின் ஈப்போ நகரில் இதே பண்டத்துக்கு வேறொரு பெயர் உண்டு. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்து புந்தோங்கில் குடியேறிய குடும்பங்கள் கடலை, முறுக்கு, பக்கோடா வறுத்து விற்றன. மலாயில் கச்சாங் என்றால் கடலை, பூத்தே என்றால் வெள்ளை. கச்சாங் பூத்தே என்று பெயர் விழுந்தது. பெண் சுட்டு அக்கம்பக்கம் கொடுத்தால் பலகாரம். ஆண் தட்டில் வைத்துத் தலையில் சுமந்து விற்றால் கச்சாங் பூத்தே. முறுக்கு என்னவோ ஒன்றுதான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் லயங்கள் காலியாயின. பட்டணத்து வீடுகளில் உழக்கு அழுத்த மாமனும் இல்லை, பதம் பார்க்கப் பாட்டியும் இல்லை. "பலகாரம் வாங்கியாச்சா?" என்று கேள்வி மாறிவிட்டது. இதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வெட்டுக் கத்தி பிடித்த கையே இரவில் கரண்டியும் பிடித்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனாலும் நானறிந்த வீடுகளில், டின் டின்னாகக் கடையில் வாங்கிய பெண்களும் ஒரு கிண்ணம் மாவை மட்டும் வீட்டிலேயே பிசைகிறார்கள். அது படையலுக்கு.