ஓலைக் கூரையும் மஞ்சள் பேருந்தும்: நாவலூர்ப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த சட்டங்கள்

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி அங்கீகாரம் பெறவும் அதைப் புதுப்பிக்கவும் நான்கு சான்றுகள் வேண்டும்: பொறியாளர் தரும் கட்டிட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டிட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. பழைய மாமல்லபுரம் சாலையில், திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த நாவலூரின் பள்ளிகளும் இவற்றைக் கோப்பில் வைத்திருக்க வேண்டியவையே. இச்சான்றுகள் ஒரே காலத்தில், ஒரே திட்டத்தின்படி உருவானவை அல்ல. ஒவ்வொரு விதியும் தனக்கு முன் நிகழ்ந்த விபத்தின் அளவுக்கே தைக்கப்பட்ட சட்டைபோல அமைந்திருப்பதை அவற்றின் வரலாறு காட்டுகிறது.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் இத்தகைய சான்றுக்குத் தேவையே எழவில்லை. திறந்த திண்ணையில், மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைக்குக் கட்டிடத்தால் நேரக்கூடிய ஆபத்து சிறிது. ஆசிரியரால் நேர்ந்ததே பெரிது. கைகளைக் கட்டி விட்டத்திலிருந்து தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனை அன்று கல்வி முறையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டு உடல் தண்டனை தடை செய்யப்பட்டது 2003இல்தான் என்பதை நோக்கினால், சுவரைப் பற்றிய சட்டம் பிரம்பைப் பற்றிய சட்டத்தைவிட ஏறத்தாழ நாற்பது ஆண்டு மூத்தது என்னும் வியப்பான முடிவு கிடைக்கிறது.

சுவரைப் பற்றிய அச்சட்டம் 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டிட உரிமச் சட்டம் ஆகும். அதற்கு முந்தைய ஆண்டில் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியின் கட்டிடம் இடிந்து மாணவியர் பலர் மாண்டனர். பொதுமக்கள் கூடும் கட்டிடங்கள் உரிமம் இன்றி இயங்கக் கூடாது என்ற ஏற்பாட்டுக்குள் பள்ளிகளும் வந்தன. ஆயினும் உரிமம் என்பது தாளளவில் நின்றுவிடக்கூடியது என்பதும், தளத்தின் மேல் ஓலை வேய்ந்து வகுப்பு நடத்துவதை அது தடுக்கவில்லை என்பதும் கும்பகோணத்தில் வெளிப்பட்டன.

2004 ஜூலை 16 அன்று காலை, கும்பகோணம் காசிராமன் தெருவில், ஒரே கட்டிடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கிய இடத்தில், சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. காய்ந்த ஓலையில் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஆனால் அந்த அறிவு பள்ளி நிர்வாகத்துக்கோ ஆய்வு அலுவலர்களுக்கோ விதியாக மாறியிருக்கவில்லை. இறங்குவதற்கு இருந்த படிக்கட்டும் குறுகலானது. நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பள்ளிகளின் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. கீழமை நீதிமன்றத் தீர்ப்பு பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலையில் வந்தது. இதற்கிடையே 2009 ஏப்ரலில் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் பயில்வது கல்வியுரிமையின் உட்பொருளே என்று கூறி, தீத்தடுப்பு ஏற்பாடுகளை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது.

கும்பகோணத்தின் விளைவுகளுள் நாவலூரை நேராகத் தொடுவது நில அளவு பற்றியது. பள்ளிகளுக்கான நெறிகளை ஆராய்ந்த சிட்டிபாபு குழுவின் பரிந்துரைகளையொட்டிப் பேசப்பட்டுவரும் அளவுகளின்படி மாநகராட்சியில் ஒரு பள்ளிக்கு 6 கிரவுண்டு போதும். கிராம ஊராட்சியிலோ 3 ஏக்கர் வேண்டும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்பதால், கிராமப் பள்ளிக்கான நிலம் மாநகரப் பள்ளியினதைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு ஆகிறது. கிராமத்தில் நிலம் மலிவு என்ற கருத்து இதன் அடியில் இருக்கிறது. சிறுசேரி சிப்காட்டை ஒட்டி அடுக்ககங்கள் எழுந்து, சென்னையின் நீட்சியாகவே மாறிவிட்ட பின்னும் கிராம ஊராட்சியாக எண்ணப்பட்டுவந்த நாவலூருக்கு அக்கருத்து பொருந்தாது. அளவு போதாத பள்ளிகளுக்கு மாநிலமெங்கும் தற்காலிக அங்கீகாரம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டதில் வியப்பில்லை.

அடுத்த திருப்பம் சாலையிலிருந்து வந்தது. 1997 நவம்பரில் தில்லி வஜிராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் இறந்தபின், உச்ச நீதிமன்றம் மஞ்சள் வண்ணம் உள்ளிட்ட நிபந்தனைகளை விதித்தது. (அந்த மஞ்சள், 1939இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில், விடியல் மங்கலிலும் கறுப்பெழுத்து தெளிவாகத் தெரியும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.) தமிழ்நாட்டின் சிறப்பு விதிகளோ 2012 வரை காத்திருந்தன. அவ்வாண்டு ஜூலை 25 அன்று, நாவலூரும் அடங்கியிருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் முடிச்சூரில், தகுதிச் சான்று, அதாவது மக்கள் வழக்கில் எஃப்.சி., பெற்றிருந்த ஒரு பேருந்தின் தள ஓட்டை வழியே இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளை ஒழுங்குபடுத்தும் விதிகள் பிறந்தன. அவசர வழி, உதவியாளர், ஆண்டுதோறும் கூட்டாய்வு ஆகியவை கட்டாயமாயின. 2022 மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் வேன் மோதி ஒரு சிறுவன் இறந்த பின், அதே விதிகளில் முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கை உணர்கருவியும் சேர்க்கப்பட்டன. 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளியொன்றில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், பழுதான பள்ளிக் கட்டிடங்களை இடிக்கும் ஆணை பிறந்ததும் இதே ஒழுங்கில் அடங்குபவையே.

நேற்றைய விபத்தை மட்டுமே நோக்கும் இந்த முறை, சிதறிச் சிதறி நிகழும் காயங்களைக் காண்பதில்லை. நாவலூரில் ராஜீவ் காந்தி சாலை எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலை பல தடங்கள் கொண்டது; 2023 அக்டோபரில் அங்கிருந்த சுங்கச்சாவடியில் கட்டண வசூல் நின்ற பின்னும் போக்குவரத்துக்குக் குறைவில்லை; மாதவரம்–சிறுசேரி மெட்ரோவின் தூண் பணிகள் அதை மேலும் நெருக்கின. மஞ்சள் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளை அதைக் கடந்தாக வேண்டும். அந்தக் கடவைக்குப் பொறுப்பு போக்குவரத்துக் காவலுக்கும் சாலையை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கும் உரியது. பள்ளியின் அங்கீகாரக் கோப்பில் உள்ள நான்கு சான்றுகளில் எதிலும் அதைப் பற்றிய ஒரு வரி கிடையாது.