ஸ்கூபா கருவியை நீருக்கடியில் கழற்றி மாட்டுதல்

ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல், சிலிண்டரும் மிதவைச் சட்டையும் சேர்ந்த தொகுதியை முதுகிலிருந்து இறக்கிச் சரிசெய்து மீண்டும் அணியும் முக்குளிப்புப் பயிற்சி. தொடக்கநிலைப் பாடங்களிலேயே இடம்பெறுவது. புதுச்சேரிக் கடலில் முக்குளிப்போருக்கு இது அவசியத் திறன். பாகூர் கொம்யூனின் மூர்த்திக்குப்பம் போன்ற மீனவர் ஊர்கள் உள்ள கரையில், அறுந்த வலை முதுகுப்புறம் சிக்குவது எதிர்பார்க்க வேண்டிய இடர். காற்றுக்குழாய் வலத்தோள் வழியே வருவதால் இடக்கை முதலில் வெளிவரும். அணியும்போது வலக்கை முதலில் நுழையும்.

இதைத் தரையில் மண்டியிட்டுப் பழகுவதைவிட, மிதப்புச் சமநிலையில் பழகுவதே பயன் தரும். ஈயக்கட்டிகள் சட்டையிலேயே இருந்தால், கழற்றியதும் கருவி கீழே இழுக்கும், ரப்பர் உடை அணிந்த உடல் மேலெழும். கட்டிகள் இடுப்பில் இருந்தாலோ, 80 கன அடி அலுமினியச் சிலிண்டர் காலியாகும் தறுவாயில் சுமார் 2 கிலோ மிதப்புப் பெற்று மேலே இழுக்கும். மண்டியிட்டவர் இந்த இழுவையை முழுமையாக உணர்வதில்லை. கிளறிய மணலில் வார்ப்பூட்டும் தெரியாது. புதியவர் நிலைகுலைவார் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அது நீச்சல்குளத்தின் முதல் முயற்சிகளுக்கே பொருந்தும். நடுநீரில் வலை சிக்கினால் மண்டியிடத் தரை இராது. எந்த நிலையிலும் கருவியைக் கைவிடுதலும் மூச்சடக்குதலும் கூடாது.