பா குவான்: முதுகு வலிக்கான சீனக் குவளைச் சிகிச்சை

பா குவான் என்பது தோலின்மேல் குவளையைக் கவிழ்த்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, தோலையும் அதன் அடியிலுள்ள தசையையும் மேலே இழுக்கும் சீன மரபு மருத்துவ முறை. தமிழில் கப்பிங் என்ற பெயரிலேயே இது வழங்குகிறது. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு ஆகியவற்றின் வலிக்கு இது அதிகம் செய்யப்படுகிறது.

தொடக்கத்தில் விலங்கின் கொம்புதான் குவளை. அதனால் இதன் பழைய பெயர் 'கொம்பு முறை'. ஹூனான் மாகாணத்துச் சாங்ஷாவில், கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறை ஒன்றை 1973இல் அகழ்ந்தபோது பட்டில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் இந்த முறை குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே அது மூல நோய்க்கு. கட்டியிலிருந்து சீழையும் ரத்தத்தையும் உறிஞ்சவும் கொம்பு பயன்பட்டது. தாங் அரசர் காலத்தில் மூங்கில் குழாயைக் கொதிநீரில் இட்டு, சூட்டோடு தோலில் பதித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ட்சாவ் சுவேமின் என்ற மருத்துவர், ஜியாங்சி, ஃபுஜியான் பகுதிச் சூளைக்காரர்கள் சுட்டு விற்ற மண்குவளைகளை விவரிக்கிறார்: கட்டைவிரல் அளவு, பருத்த வயிறு, குறுகிய வாய். உள்ளே காகிதத்தைக் கொளுத்திப் போட்டுத் தோலில் கவிழ்ப்பார்கள். குளிர், காற்று ஆகியவற்றால் வந்ததாகக் கருதப்பட்ட நோய்களுக்கும் வலிகளுக்கும் இந்தச் சிகிச்சை அதற்குள் பரவிவிட்டது.

உறிஞ்சும் வைத்தியம் சீனத்துக்கு மட்டும் உரியதன்று. ஆயுர்வேதத்தில் சுசுருதர் கொம்பையும் சுரைக்குடுக்கையையும் சொல்கிறார். சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் 'உறிஞ்சல்' ஒன்று. இஸ்லாமிய மரபில் ரத்தம் எடுக்கும் ஹிஜாமா தமிழ் முஸ்லிம்களுக்கு நன்கு தெரிந்தது.

முதுகு வலிக்கு வருபவரைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். எரிசாராயத்தில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்து, கண்ணாடிக் குவளைக்குள் நொடிநேரம் சுழற்றி எடுத்துவிட்டு, உடனே குவளையைத் தோலில் கவிழ்ப்பார்கள். நெருப்பு பிராணவாயுவை எரித்துவிடுவதால்தான் குவளை ஒட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அதுவன்று. சூட்டில் விரிந்து காற்றின் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. இன்று கைப்பம்பு வைத்த பிளாஸ்டிக் குவளையும் சிலிகோன் குவளையும் நெருப்பில்லாமலே அதே வேலையைச் செய்கின்றன.

முதுகெலும்பின் இருபுறமும் இரண்டு விரல் அகலம் தள்ளிக் குவளைகளை வரிசையாக வைப்பது வழக்கம். இடுப்பு வலிக்கு, முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் இரண்டாம் கணுவுக்கு நேரேயுள்ள சென்ஷு என்ற புள்ளி முக்கியம். குவளை 5 முதல் 15 நிமிடம் இருக்கும். எண்ணெய் தடவிக் குவளையை மேலும் கீழும் நகர்த்துவது ஒரு வகை. தோலைக் கீறியோ குத்தியோ ரத்தம் எடுப்பது இன்னொரு வகை.

உயிராற்றலான 'சீ'யும் ரத்தமும் தேங்கிய இடத்தில் வலி வரும், தேக்கம் நீங்கினால் வலி போகும் என்பது சீன மரபின் விளக்கம். உறுதியாகத் தெரிவது இவ்வளவு: இழுப்பில் தந்துகிகள் உடைந்து தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது. அந்தக் கருஞ்சிவப்பு வட்டம் ரத்தக்கட்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகம் பார்த்தது இதைத்தான். சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அது மறையும். நச்சு வெளியேறிய அடையாளம் என்று அதைக் காட்டிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

வலி குறையுமா? சில வாரங்களுக்குக் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பல சிறியவை. குவளை தோலை இழுக்கிறதா இல்லையா என்பது படுத்திருப்பவருக்கே தெரிந்துவிடுவதால், போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவதும் கடினம். திடீரென வரும் இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அந்தப் பெருமையும் குவளைக்குப் போய்விடுகிறது. தசை இறுக்கத்துக்குத் தற்காலிக ஆறுதல் என்ற அளவில் இதை ஏற்கலாம். விலகிய முதுகெலும்பு வட்டை இது பழைய இடத்தில் வைக்காது. நடையும் உடற்பயிற்சியும் செய்யும் வேலைக்கு இது மாற்றாகாது.

தீக்காயம், கொப்புளம், தோல் தொற்று ஆகியவை நேரலாம். ரத்தம் எடுக்கும் முறையில் சுத்தம் குறைந்தால் ரத்தத்தின் வழி பரவும் நோய்கள் தொற்றும் ஆபத்தும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் ரத்தக்கசிவு நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். புண் உள்ள தோலில் குவளை வைக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இடுப்பிலும் வயிற்றிலும் வைக்கக் கூடாது. நெருப்புக் குவளையை வீட்டில் முயலவே வேண்டாம்.

முதுகு வலியோடு கால் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போதல், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் குவளை வைப்பவரிடம் போகாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.