அடுத்த மாடிக்காக நீட்டி வைச்ச கம்பி

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடற்கரையோரமா தெற்கே வந்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். வீட்டுக்கு மேல் மொட்டைச் சிலாப். சிலாப்புக்கு மேல் ஒவ்வொரு தூணிலும் நாலு கம்பி, வானத்தைப் பார்த்தபடி. வெளியூர்க் கூட்டாளிமார் வந்தால் கேட்பார்கள்: "ஏன் எல்லா வீட்டையும் அரைவாசியில விட்டிருக்கு?"

அரைவாசியில விடல்ல. அது அடுத்த மகளுக்கு.

எங்கட பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். முஸ்லிம் ஊர்களிலும் பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இதே வழக்கம். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மூத்த மகளுக்குக் கீழ்வீடு, இளைய மகளுக்கு மேல்மாடி. காணி சுருங்கச் சுருங்க வீடு மேலே போகத் தொடங்கியது. அந்த நாலு கம்பியும் ஒரு குமரைக் கரையேற்றப் போட்ட முன்பணம் மாதிரி. ஆனா உப்புக் காத்தில் பத்து வருசம், பதினைஞ்சு வருசம் நனைஞ்சு காயிறதும் அதே கம்பிதான். எங்கட வீட்டிலும் இந்த வருசம் அந்தக் கேள்வி வந்தது. அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

கொங்கிறீட் எங்கட ஊருக்குப் பழசு இல்லை. கம்பி போட்ட கொங்கிறீட் உலகத்துக்கே பெரிய பழசு இல்லை. பிரான்சில் லம்போ என்பவர் 1848இல் கம்பி வலையில் சீமெந்து பூசி ஒரு தோணி செய்தார். 1867இல் மொனியே என்ற தோட்டக்காரர் பூச்சாடிக்காக அதே வேலைக்கு உரிமம் எடுத்தார். 1892இல் என்பிக் அதைத் தூணும் வளையும் சிலாப்புமாக ஒரு கட்டட முறையாக்கினார். இலங்கையில் காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் சீமெந்து உற்பத்தியைத் தொடங்கியது. யுத்தத்தால் 1990இல் மூடப்பட்டது.

எங்கட ஆக்கள் சிலாப்பை நம்பியதற்கு வேறு காரணமும் இருக்கு. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்கை அடித்த சூறாவளியைப் பற்றி மூத்தம்மாமாரிடம் கேட்டால், கிடுகும் ஓடும் பறந்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். காத்துக்குப் பறக்காத கூரை வேணும் என்ற ஆசை அந்த இரவின் நினைவோடு சேர்ந்தது. பிறகு 2004 டிசம்பர் 26. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, 10,000க்கும் மேல். அந்தக் காலையில் மேல்மாடிக்கு ஓடி ஏறித் தப்பியவர்கள் எங்கட குடும்பத்திலும் இருக்காங்க. அதுக்குப் பிறகு கொங்கிறீட் மாடி என்றால் உயிர் என்றே அர்த்தமாச்சு.

அடுத்த சில வருசங்களில் இந்தக் கரையில் நடந்த அளவுக்குக் கட்டட வேலை முன்னர் நடந்ததில்லை. முதலில் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். மருதமுனையில் ஒரு வீட்டுத் திட்டத்தின் பேரே '65 மீற்றர்'. நாடு நாடாகத் தொண்டு நிறுவனங்கள் வந்தன. எத்தனை வீடு கட்டினோம் என்று எழுதினார்கள். பெயர்ப் பலகையும் வைத்தார்கள். எந்த மண், எந்தக் கிணற்றுத் தண்ணி, கம்பிக்கு வெளியே எவ்வளவு கனம் என்பதையும் எழுதி, குடியிருக்கப் போகிறவரின் கையில் கொடுத்திருக்க வேண்டும். எங்கட வீட்டுக்கு அப்படி ஒரு தாளும் இல்லை. கடற்கரைக் கிணறுகள் உப்பாகிக் கிடந்த காலம் அது.

உப்பு ஏன் முக்கியம்? நல்ல கொங்கிறீட் கடுமையான காரம், பிஎச் 12க்கும் மேல். அந்தக் காரத்தில் கம்பியைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகும். அதுதான் கறள் பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு மெதுமெதுவாக உள்ளே போய்க் காரத்தைக் குறைக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு காரம் குறையும் வரைக்கும் காத்திருக்காது, படலத்தை நேராகவே உடைக்கும். கடல் மண்ணைக் கழுவாமல் கலந்தால் இந்த எதிரி முதல் நாளே உள்ளே இருக்கிறான். கறள், தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கொங்கிறீட்டைப் பிளக்கும்.

கல்லடியில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தை யோசிச்சுப் பாருங்க. கறள் பிடித்தால் எல்லாருக்கும் தெரியும், பெயின்ற் அடிப்பாங்க. கொங்கிறீட்டுக்குள் இருக்கும் இரும்பை யாரும் பார்ப்பதில்லை. இத்தாலியின் ஜெனோவா நகரில் 2018 ஓகஸ்ட் 14 அன்று விழுந்து 43 பேரைக் கொன்ற மொறாண்டிப் பாலத்தில் பாரம் தாங்கிய உருக்கு வடங்கள் கொங்கிறீட்டுக்குள் மறைந்திருந்தன. உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

ஆனா வீடு பெரும்பாலும் சொல்லாமல் விழாது. முதலில் தூணிலோ வளையிலோ கம்பி ஓடுற திசையிலேயே நீளமான வெடிப்பு வரும். மண்ணிறத்தில் கறை கசியும். பிறகு பூச்சு உப்பும், துண்டு துண்டாகக் கழன்று விழும். அதற்கு முன்பே ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். நல்ல இடம் 'டிங்' என்கும், உள்ளே விட்டுப்போன இடம் 'பொது' என்கும். குளியலறைக்குக் கீழே, தண்ணித் தொட்டிக்குக் கீழே, கடல் பக்கத்து மூலைத் தூணில் முதலில் தட்டுங்க. புதிதாக உடைத்த கொங்கிறீட்டில் பினோப்தலீன் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. ஆனா உப்பை அது காட்டாது. அதுக்குத் துளையிட்டு எடுத்த தூளை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

திருத்துவதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். வெடிப்பின் மேல் சீமெந்து பூசி பெயின்ற் அடித்தால் பெருநாளைக்கு வீடு வடிவா இருக்கும், உள்ளே கறள் நடந்துகொண்டே இருக்கும். முறைப்படி செய்வதென்றால் முதலில் முட்டுக் கொடுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். கெட்ட கொங்கிறீட்டைக் கம்பிக்குப் பின்னால் ஒரு விரல் போகும் வரைக்கும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை மினுங்கும் வரை சுரண்ட வேண்டும். மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி, அதன் கணக்கு எஞ்சினியருடையது. பிறகு கறள் தடுப்புப் பூச்சு, அதன்மேல் திருத்தச் சாந்து. உப்பேறிய கொங்கிறீட்டை ஓரத்தில் விட்டு வைத்தால், ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே கறள் புதிதாகத் தொடங்கும்.

இனி எங்கட வீடு. 2006இல் கட்டினது. தங்கச்சிக்கு மேல்மாடி கட்டும் பேச்சு வந்தபோது நாங்க சுத்தியலோடு சுற்றினோம். கடல் பக்கத்து இரண்டு தூண் 'பொது' என்றது. சிலாப்பின் மேலே நீட்டி நின்ற கம்பியைக் கம்பிப் பிரஷால் தேய்த்தால் செதில் செதிலாக விழுந்தது. கொங்கிறீட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில்தான் கம்பி அதிகமாக மெலிந்திருந்தது. வாப்பா கொஞ்ச நேரம் ஒண்டும் பேசல்ல. "உம்மாக்கிட்ட இப்ப சொல்லாத" என்றார். மேல்மாடி நின்று போச்சு. முதலில் கீழ்த் தூண், பிறகுதான் கலியாணப் பேச்சு என்று முடிவாகியிருக்கிறது. கலைப்பீடத்தில் படிக்கிற நாங்க சொன்னதைக் கேட்டு எஞ்சினியரைக் கூப்பிட்டது வாப்பாவுக்கு லேசான காரியமில்லை.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து காடு மூடின. ஆளில்லாத வீடு அழியும் என்று அதைக் கண்ட எல்லாரும் சொல்வார்கள். ஆள் இருக்கிற வீடும் அழியுது, யாரும் தட்டிப் பார்க்காததால்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை ஒரே மூச்சில் கட்டப்பட்டது. அதனால் ஒரே காலத்தில் வயசாகுது. சீதனமாக வீடு எழுதும்போது உறுதியைப் பார்க்கிறோம், எல்லையை அளக்கிறோம். இனி தூணையும் தட்டிப் பார்ப்போம். நீட்டி வைத்த கம்பியை மெல்லிய கொங்கிறீட்டால் மூடி வைப்போம், மாடி எழுப்பும் நாளில் உடைத்து எடுக்கலாம். அந்த மாடியில் படுக்கப்போறது எங்கட தங்கச்சிமார்.